வெளியே போகும் கதவு

அலுவலகங்களில் மனிதர்கள் ஒருவரோடொருவர் முட்டிக்கொள்ளாமல் நடக்க வழி அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. பெங்களூரில் இதற்கு மரியாதை உண்டு. தினமும் ரயிலில் நின்றபடியே போய் அந்த வேலையைச் செய்துவிட்டு, அதே ரயிலில் இடிபட்டுக்கொண்டு கோலார் தங்கவயலில் இருக்கும் சாம்பியன் ரீப்ஸுக்குத் திரும்புவேன். அந்த ரயிலைச் சீர்செய்ய மட்டும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

பக்கத்து ராபர்ட்சன்பேட்டையில், தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் சங்கம் ஒன்று கூப்பிட்டது. உறுப்பினர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, உயிரோடுதான் இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த நாட்களில் அலுவலகத்துக்குள் கால் வைக்க முடியாது. சொந்த ஊராயிற்றே என்று ஒப்புக்கொண்டேன். என் தலையெழுத்து.

முன்கதவில் நுழைந்து, மூன்று கவுண்டர்களைக் கடந்து, பின்கதவில் வெளியேறும் ஒருவழிப் பாதை போட்டேன். தரையில் மஞ்சள் அம்புக்குறிகள். வளைவில் கிடந்த பழைய பெஞ்சைத் தூக்கச் சொன்னேன். பெஞ்சு இருந்தால் உட்காருவார்கள், உட்கார்ந்தால் பேசுவார்கள், பேசினால் வரிசை நின்றுவிடும்.

முதல் நாளே பின்கதவு அடைத்துக்கொண்டது. வேலை முடிந்து வெளியே வந்தவர்கள் போகாமல் கதவை ஒட்டியே நின்றார்கள். கதவு பாதிதான் திறந்தது. உள்ளே வரிசை தேங்கியது. 'வெளியே வந்தவர்கள் இங்கே நிற்கக் கூடாது' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி மாட்டினேன். ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை உரக்கப் படித்தார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டு அதன் அடியிலேயே நின்றார்கள்.

"இன்னா மாமா, வேலை முடிஞ்சிச்சில்ல? வூட்டுக்குப் போங்களேன்" என்றேன்.

"கூட வந்தவங்க வர வேணாமா? சொரங்கத்துலேர்ந்து கேஜுல ஏறி மேல வந்தா, கேங்குல எல்லாரும் வந்துட்டாங்களான்னு பாத்துட்டுதான் வூட்டுக்குப் போவோம். ஓராளு கொறஞ்சாலும் நவுற மாட்டோம்மா."

"இது சொரங்க ஷாப்டு இல்ல மாமா, ஆபீஸு. உள்ள இன்னா பாறையா வுழுது?"

சிரித்தார்கள். ஆனால் நகரவில்லை. சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது, இவர்கள் இன்னும் ஷிப்டு முடிக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் சங்கச் செயலாளர் பார்வையிட வருவதாக இருந்தது. என் அப்பாவும் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான். பாறைத் தூசியைத் தின்று தின்று நெஞ்சு கெட்டுப்போனவர். நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும். "இருமல் குறையட்டும், அடுத்த வாரம் வாங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

வெளியே வந்தவர்களையெல்லாம் காலையிலிருந்தே தெருக் கேட்டுக்கு விரட்டிவிட்டு, செயலாளரோடு பின்கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். கதவு அகலத் திறந்தது, ஆட்கள் சரசரவென்று வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஐந்து பேர் வெளியே வந்து, வழியை மறித்து நின்றார்கள். எல்லாரும் அப்பாவின் பழைய கூட்டாளிகள்.

"கேட்டாண்ட போங்க மாமா" என்றேன்.

"ஆறு பேரு போனோம்மா. அஞ்சு பேருதான் வந்துகீறோம்."

"வருவாங்க மாமா! வரிசை நிக்காமதானே போய்னு கீது? போங்க!"

ஆறாவது ஆள் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஐந்து பேரும் திரும்பி, அம்புக்குறிகளுக்கு எதிராக, வெளியே வருகிறவர்களை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். செயலாளர் எதிரில் எனக்கு மானமே போனது. "அந்தப் பக்கமா போகக் கூடாது!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

வளைவில், பெஞ்சு இருந்த இடத்தில், அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். மகள் போட்ட வழியைப் பார்க்க வேண்டும் என்று, என்னிடம் சொல்லக் கூடாதென்று கூட்டாளிகளையும் தடுத்துவிட்டு, அவர்களோடு கிளம்பி வந்திருக்கிறார். நிற்க முடியாமல் வரிசைக்குக் கட்டிய கம்பியைப் பிடித்தபடி சரிந்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் நின்றபோது, தன்னால் வரிசை தேங்கக் கூடாதென்று, போங்க போங்க என்று அவரே கையைக் காட்டி அனுப்பியிருக்கிறார். உதடு நீலம் பாரித்திருந்தது. சட்டைப் பையில் இருந்த மூச்சு மருந்தை எடுக்கக்கூட அவர் கையில் தெம்பில்லை.

ஒருவர் மருந்தை எடுத்து வாயில் அடித்தார். மற்றவர்கள் அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்து படியில் உட்காரவைத்தார்கள். நான் சும்மா கூடவே நடந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது. என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் பண்ணிக்கீற. நிக்காம போய்னே கீது" என்றார்.

குத்திக்காட்டவில்லை. மனதார மெச்சினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆட்டோ வந்ததும் அவரை ஏற்றினோம். ஐவரில் மூத்தவர் என் பக்கம் திரும்பினார்.

"இப்ப ஆறு பேரு ஆயிட்டோம்மா. நாங்க போறோம்" என்றார்.