குப்புறப் படுத்துத் தேர்ந்தெடுத்த படங்கள்

இந்தக் கோடையில் என் வலக்கண்ணின் விழித்திரை கிழிந்தது. இடக்கண் சிறுவயதிலிருந்தே மங்கல். ஆள் வருவது தெரியும், யாரென்று தெரியாது. ஆகவே எனக்கு இருந்தது ஒரே கண்தான். அதில்தான் அறுவை செய்தார்கள். கண்ணுக்குள் ஒரு வாயுக்குமிழ் வைத்திருப்பதாகவும், அது மேலே எழும்பிக் கிழிசலை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதால் பத்து நாள் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். பார்வை திரும்புமா என்று கேட்டேன். குமிழ் கரையட்டும், பிறகு சொல்கிறேன் என்றார். அதுவரை விமானத்தில் போகக் கூடாது, மலை ஏறக் கூடாது.

"ஆமா, இவுரு டெய்லி ஏரோப்ளேன்லதான் ஆபீஸ் போறாரு" என்றாள் என் மனைவி.

என் ஆபீஸ் செங்கல்பட்டில், வீட்டிலிருந்து நடக்கிற தூரம். பதிவறை எழுத்தர் வேலை. வீட்டிலும் எழுதுவேன், நாட்குறிப்பு எழுதாமல் நான் தூங்கியதில்லை. தலையணையில் நெற்றியை ஊன்றிக்கொண்டு எப்படி எழுதுவது? இரண்டாம் நாளே என் முனகல் தாங்காமல், "சொல்லு, நான் எழுதறேன்" என்று தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். குப்புறக் கிடப்பவனுக்கு எழுத என்ன நடந்திருக்கும்? யோசித்து, நான் பிறந்ததிலிருந்து வருடத்துக்கு ஒரு படம், எனக்கு மிகப் பிடித்ததைச் சொல்கிறேன் என்றேன். விதிகளையும் சொன்னேன். அந்த வருடம் வெளியான படமாக இருக்க வேண்டியதில்லை, அந்த வருடம் நான் பார்த்ததாக இருக்க வேண்டும். சென்னைக்காரர்கள் மறந்த பிறகுதான் நான் வளர்ந்த கடற்கரை ஊருக்குப் படம் வரும். எழுதிய பின் அடித்தல் திருத்தல் கூடாது.

"இதுக்கும் சட்டமா? யோவ், நீ பொறந்த வருஷம் இன்னாத்த பாத்த?"

என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அம்மா திருக்கழுக்குன்றம் கொட்டகைக்கு நடந்துபோய்ப் பார்த்த படத்தைச் சொன்னேன். வில்லன் வரும்போதெல்லாம் நான் உதைத்தேனாம்.

"அது உங்கம்மா பாத்தது."

"கூட நானும் இருந்தேன்ல?"

சிரித்துக்கொண்டே எழுதினாள். படங்களின் பெயர்கள் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

ஏழு வயதுப் படத்தில் எங்களுக்குள் சண்டை வந்தது. அதன் கதாநாயகன் இடக்கைக்காரன் என்றேன்.

"லெஃப்ட் ஹேண்டா? அந்தப் படத்த நான் ஊரப்பாக்கத்துல அத்தினி வாட்டி பாத்துகீறேன். ரைட்டு கையிலதான் கத்தி புடிப்பான்."

நான் விடவில்லை. கத்தி மட்டுமல்ல, சோறும் இடக்கையால் தின்றானே, அதைப் பார்த்து அப்போதே ஆச்சரியப்பட்டேனே! அவள் கைப்பேசியில் படத்தைத் தேடிப் போட்டுப் பார்த்தாள். "ரைட்டு கைதான்யா" என்றாள்.

அப்போதுதான் நான் உட்கார்ந்திருந்த இடம் நினைவுக்கு வந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், திருவிழாவுக்கு மணலில் இரண்டு மூங்கில் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். முன்பக்க மணல் ஊர்க்காரர்களுக்கு. துணியின் பின்பக்கம் எங்கள் காலனிக்கு. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் வலது இடதாகிவிடும். அந்தப் படத்துக்குப் பிறகு எங்கள் காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும் இடக்கையில்தான் குச்சி பிடித்துச் சண்டை போட்டோம்.

"எத்தினி நாளா இத நம்பிகினு இருந்த?"

"இப்ப வரிக்கும்."

கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்தினாள். பிறகு, "அந்தப் படமே வேணாம். வேற சொல்லு" என்றாள்.

"அதான் வேணும், எழுதுமே. அம்மா மடியில படுத்துகினு பாத்த படம். பின்னால காத்து நல்லா வரும்."

எழுதினாள். 'பின்பக்கத்திலிருந்து' என்று ஓரத்தில் குறித்ததையும் படித்துக் காட்டினாள். அந்த மடியை நான் குறை சொல்ல முடியாது.

வேலைக்கான தேர்வுக்குப் படித்த வருடம் நான் ஒரு படமும் பார்க்கவில்லை. கருங்குழியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். பக்கத்தில் கொட்டகை. ஒரே படம் வாரக்கணக்கில் ஓடி, வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம். இன்றுவரை அதைப் பார்த்ததில்லை.

"பாக்காத படத்த எப்டி எழுதறது?"

"காதால கேட்டேனே."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இனி எல்லாப் படமும் அப்படித்தானோ? அவளுக்கும் அதே நினைப்பு வந்திருக்க வேண்டும். எழுந்துபோய் டிவியைப் போட்டாள். ஏதோ ஒரு படத்தை எனக்குச் சொல்லத் தொடங்கினாள். "இப்ப ஒருத்தன் வந்துகினு கீறான். இன்னாத்துக்கு வர்றான்னு தெர்ல. தோ, போய்ட்டான்." சிரிப்பில் என் நெற்றி தலையணையில் குலுங்கியது. அன்றிலிருந்து தினமும் சொன்னாள். கதை சொல்லத் தெரியாத ஒருத்தி எனக்காக அத்தனை படங்களைச் சொன்னாள்.

பத்து நாள் கழிந்து உட்காரச் சொன்னார்கள். தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல வெளிச்சம் மட்டும் ஆடியது. பயத்தை அவளிடம் காட்டவில்லை. அவளும் என்னிடம் காட்டவில்லை. அடுத்த வாரம் ஒரு காலை, பார்வையின் மேல் ஓரத்தில் கீற்றுப்போல ஓர் இடம் தெளிந்திருந்தது. அதற்குள் எங்கள் மின்விசிறி தெரிந்தது.

"ஃபேன்ல ஒட்டட தொங்குது" என்றேன்.

"கண்ணு வந்ததும் பாத்த மொத விஷயமே என் வூட்டு அழுக்குதானா?" என்று கத்தினாள். கத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

கண்ணுக்குள் மேலே மிதக்கும் குமிழ் பார்வையில் தலைகீழாகத் தெரியும்; அது நாளுக்கு நாள் சிறுத்துக் கீழே இறங்கியது. பார்வையில் பாதி தெளிந்ததும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மதியக் காட்சிக்குப் போனோம். திரையின் மேல்பாதியில் எல்லோருடைய தலைகளும் துல்லியமாகத் தெரிந்தன. கழுத்துக்குக் கீழே எல்லாம் ஆடும் தண்ணீர். படம் மகா மட்டம்.

"இந்தக் கண்றாவியவா இந்த வருஷத்துக்கு எழுதப் போற? வருஷம் இன்னும் முடியலய்யா, நல்ல படம் எதுனா வரும்."

"வரட்டும், அதயும் பாக்கலாம். ஆனா எழுதறது இதத்தான்."

இடைவேளையில் அவளிடம் பேனா கேட்டு வாங்கினேன். குமிழுக்கு மேலே தெரியும்படி டிக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அதன் பின்புறம் படத்தின் பெயரை நானே எழுதினேன். எழுத்துகள் கோணின. ஒவ்வொன்றும் தெரிந்தது.