சுஹைராவுக்கு ஏற்ற தீவு

கரீபியன் கடலில் மீன் பார்க்க எந்தத் தீவு நல்லது என்று பாஹிமிடம் கேட்டால், அவன் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடமாட்டான். கேட்டவரிடமே மூன்று கேள்வி கேட்பான். நீந்தத் தெரியுமா? படகிலிருந்து ஆழத்தில் இறங்குவீர்களா, இல்லை கரையிலிருந்து நடந்து இறங்கத்தான் விருப்பமா? உங்களோடு வருகிறவர்களில் ஆகப் பயந்த ஆள் யார்? மூன்றாவது கேள்வியில்தான் அவனுடைய கெட்டித்தனம் இருந்தது. ஒரு குடும்பம் எந்தத் தீவுக்குப் போவது என்பதை அந்தக் குடும்பத்தின் பயந்தாங்கொள்ளிதான் முடிவு செய்யவேண்டும் என்று அவன் அடித்துச் சொல்வான்.

திருகோணமலைப் பக்கம் இறக்கக்கண்டியில் மீன்பிடிகாரர் வீட்டில் பிறந்தவன் அவன். பதினேழு வயதிலிருந்து, ஊருக்கு எதிரே கிடக்கிற புறாமலைத் தீவுக்கு வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிப்போய், கண்ணாடியும் குழாயும் மாட்டிவிட்டு, பவளப்பாறைக்கு மேலே மிதக்கவிட்டுக் காட்டினவன். அப்படியே ஆங்கிலம் நாக்கில் ஏறியது. பிறகு கொழும்பு ஏஜென்சி ஒன்றின் மூலம் உல்லாசக் கப்பலில் வேலை கிடைத்து, ஒன்பது வருடம் கரீபியன் கடலில் சுற்றினான். அவன் நின்றது பயணிகள் தீவுச் சுற்றுலாவுக்குப் பெயர் பதிகிற மேசையில்.

அந்த மேசையில் அவனை மிஞ்ச ஆளில்லை. கொசுமெல்லா? பவளம் அருமை, ஆனால் நீரோட்டம் இழுக்கும், முதுகில் தெம்பு வேண்டும். கிராண்ட் கேமனா? திருக்கை மீனைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். பார்படோஸுக்கு ஆமைக்காகப் போகலாம். செயின்ட் தோமஸில் நல்ல இடமெல்லாம் படகுப் பயணம், இருபதடித் தண்ணீர். நீந்தத் தெரியாதவருக்கு? "பொனேர்," என்பான், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி. கரையிலிருந்து நாலு எட்டு நடந்து, மார்பளவுத் தண்ணீரில் முகத்தை வைத்தால் போதும், பவளம் அங்கேயே தொடங்கிவிடும். புயலும் அந்தப் பக்கம் அவ்வளவாக எட்டிப் பார்க்காது, தண்ணீர் தெளிவாக இருக்கும். அவன் சொல் கேட்டுப் போனவர்கள் திரும்பி வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போவார்கள்.

இவ்வளவு பேருக்குக் காட்டினவன் தன் மனைவிக்கு ஒரு மீனைக்கூடக் காட்டவில்லை.

சுஹைராவும் அதே ஊர்க்காரிதான். அலைச் சத்தம் கேட்கிற வீட்டில் பிறந்து, அலைச் சத்தம் கேட்கிற வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள். நாற்பது வயது வரை அவள் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. போகக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. சீசன் நேரம் புறாமலையில் படகு விடுகிற அத்தனை பேரும் மச்சான்மாரும் மாமாமாரும்தான். அவர்கள் பார்த்திருக்க ஈர உடுப்போடு எப்படி ஏறி இறங்குவது? இந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை, பாஹிமாகத்தான் சொன்னான். அதற்கும் காரணம் இருந்தது. இளந்தாரியாய் இருந்தபோது, தம்பலகாமத்திலிருந்து வந்த ஒரு பெண் தண்ணீரில் இறங்கி, சேலை குடைபோல விரிந்து அவள் தத்தளித்ததைப் பார்த்து, கூட்டாளிமாரோடு ஒரு வாரம் விழுந்து விழுந்து சிரித்தவன் அவன். தான் சிரித்ததுபோல ஊரும் சிரிக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

கலியாணமான காலத்திலிருந்தே அவளுக்கு மங்கலில் கண் தெரியாது. கதவு நிலையில் இடித்துக்கொள்வாள், தண்ணீர்க் குடத்தைத் தட்டிவிடுவாள். "கண்ணப் பிடரியிலயா வெச்சிரிக்காய்?" என்று அவனும் பகிடியாக ஏசுவான். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் விடுமுறையில் வந்தபோதுதான், பகல் வெளிச்சத்திலேயே பக்கத்தில் நிற்கிற ஆளை அவள் காணாமல் கடந்து போவதைக் கவனித்தான். கண்டிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வருகிறது, மருந்தில்லை, நடுப்பார்வை ஒரு வருடமோ இரண்டு வருடமோ நிற்கலாம் என்றார் டொக்டர். "பாக்க ஆசைப்பட்டதெல்லாம் பாத்திருங்கோ," என்றும் சொன்னார், நல்ல மனுசன்.

முதலில் மக்காவுக்கு உம்றா செய்யப் போனார்கள். கஃபாவைக் கண்ணாரக் கண்டுவிட்டு வந்து, பஸ்ஸில் வீட்டுக்கு வருகிற வழியில் அவள் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க, இனி எனக்கு ஒரே ஒரு ஆசதான். நீங்க சனத்துக்குக் காட்டுற மீனெல்லாம் நானும் ஒருக்காப் பாக்கணும்."

"பாக்கலாம் புள்ள. நான் உன்னக் கப்பல்ல கூட்டிட்டுப் போறன்."

"என்னத்துக்குக் கப்பல்? புறாமலை முன்னுக்குத்தானே கிடக்கு?"

"அங்க எல்லாம் நம்மட ஆக்கள். ஒரு மாதிரி இரிக்கும். அங்கயெண்டா நம்மள யாருக்குத் தெரியும்? நீ விரும்பின மாதிரி இறங்கலாம்."

அவள் சிரித்தாள். கப்பல் ஆசை அவளுக்கும் வந்துவிட்டது. பிழை அவளுடையது என்று நான் சொல்லவரவில்லை. தண்ணீரை அறிந்தவன் அவன்தான்.

கம்பனியில் ஒரு விதி இருந்தது. இத்தனை ஒப்பந்தம் முடித்தவர்கள் மனைவியை இரண்டு வாரம் கப்பலில் வைத்திருக்கலாம், அறை காலியாக இருக்கவேண்டும். பாஹிம் எழுதிப்போட்டான். சுஹைராவுக்கு பாஸ்போர்ட் எடுத்தார்கள், விசாவும் கிடைத்தது. அது கிடைத்த அன்று அவள் அயல் வீடுகளுக்கெல்லாம் பால்சோறு கொடுத்தாள். அடுத்த ஜனவரியில் அறை ஒன்று காலி என்று பதில் வந்தது. ஆனால் அந்தக் கப்பல் போவது செயின்ட் தோமஸுக்கும் செயின்ட் மார்ட்டினுக்கும். பொனேருக்கு அல்ல.

கப்பல் குசினியில் சமையல் வேலைக்குத் தர்சன் என்றொருவன் இருந்தான், திருகோணமலை அன்புவழிபுரத்துப் பொடியன், ஊர்க் கதை கதைக்க பாஹிமுக்கு அங்கே இருந்த ஒரே ஆள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"மச்சான், கிடைச்சதை எடு. முதல்ல அவவைக் கூட்டிக்கொண்டு வா."

"உனக்கு விளங்காது. அவளுக்கு நீந்த ஏலாது. செயின்ட் தோமஸில போட்டில போய் ஆழத்தில இறக்கணும். பயந்து முகத்தத் தூக்கினாளெண்டா முடிஞ்சுது. ஒரு தரம்தான் பாக்கப்போறாள். அது பொனேராத்தான் இரிக்கணும். வார டிசம்பருக்குத் தெக்கால ஓடுற கப்பலுக்கு மாத்தம் கேட்டிரிக்கன்."

"டிசம்பர் வரைக்கும் அவட கண் நிக்குமோடா?"

பாஹிமுக்கு வந்ததே கோபம்! இரண்டு நாள் தர்சனோடு கதைக்கவில்லை. அறை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டான். அட பாவி மனுசா, மூன்றாவது கேள்வியை உன்னையே நீ கேட்டிருக்கக்கூடாதா? அந்தக் குடும்பத்தில் ஆகப் பயந்த ஆள் சுஹைரா இல்லை, நீதான். ஊருக்குப் பயந்து புறாமலையை விட்டாய், ஆழத்துக்குப் பயந்து செயின்ட் தோமஸை விட்டாய். ஆகச் சிறந்தது, ஆகச் சிறந்தது என்று அந்த மேசையில் ஒன்பது வருடம் சொல்லிச் சொல்லி, அந்தச் சொல் அவன் தலைக்குள் ஏறிக் குந்திக்கொண்டது. அதற்குக் குறைந்த எதையும் அவளுக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அன்பில்லாமல் செய்தான் என்று எவன் சொன்னாலும் நான் அடிக்கப் போவேன். அன்பால்தான் செய்தான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

செப்டம்பரில் ஒருநாள் அவள் எடுத்த அழைப்பு அவனுக்குக் கப்பலின் கீழ்த்தட்டில் கிடைத்தது. முதலில் சுகம் விசாரித்தாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள்.

"இண்டைக்கு விடியச் சுபஹுத் தொழ எழும்பி, லைட் போடலையெண்டு உம்மாவ ஏசிட்டன். லைட் எரிஞ்சிட்டுத்தான் இருந்திச்சாம்."

அன்றே மேல்தட்டுக்கு ஏறிப்போய், ஊருக்குப் போகவேண்டும் என்று எழுதிக்கொடுத்தான்.

ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஒக்டோபரில் வந்து சேர்ந்தான். திரும்பவும் கண்டி. வெளிச்சமா இருட்டா என்பது தெரியும், அவ்வளவுதான் என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்தபோது வாடைக் கடல் கொந்தளிக்கத் தொடங்கியிருந்தது. மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், பொனேருக்குப் போகிற தெற்குக் கப்பலுக்கு மாற்றம் கிடைத்திருப்பதாகவும் டிசம்பரில் ஏறலாம் என்றும் கம்பனியிலிருந்து மின்னஞ்சல் வந்து போன் சத்தம் போட்டது. வாழ்த்து வேறு சொல்லியிருந்தார்கள். சுஹைரா பக்கத்துக் கதிரையில் தடவித் தடவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்ன சத்தம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான்.

வைகாசியில் கடல் படுத்தது. இந்தமுறை கதையை எடுத்தவள் அவள்தான்.

"சீசன் தொடங்கிட்டாம். நஸ்ரி போட் ஓடுறானாம். என்னைப் புறாமலைக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இப்ப என்னத்துக்குப் புள்ள?" என்று கேட்டுவிட்டான். கேட்ட வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு.

"வெளிச்சம் தெரியுதுதானே. தண்ணிக்குள்ள கொஞ்சம் வித்தியாசமாத் தெரியும்."

காலை ஒன்பது மணிக்குப் போனார்கள். படகோட்டினவன் அவனுடைய தம்பி நஸ்ரி. கப்பல் பயணத்துக்கென்று கொழும்பில் வாங்கிவைத்த, உடம்பு முழுக்க மூடுகிற கறுப்பு நீச்சல் உடுப்பை அவள் போட்டிருந்தாள். கழுத்தில் விலைச் சீட்டுத் தொங்கியது. நஸ்ரி கண்டு சொல்ல, பாஹிம் கடித்து அறுத்தான். புறாமலைக் கரையில் ஏழெட்டுப் படகு நின்றது, எல்லாம் தெரிந்த முகங்கள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்ஸார் மாமா தன் படகின் எஞ்சினை நிறுத்திவிட்டு, தண்ணீரில் இறங்கி வந்து, அவள் இறங்குகிற பலகையைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா மகள், கால் வழுக்கும்," என்றார். இன்னொருவன் சொல்லாமலே தன் படகைத் திருப்பி வெளிநாட்டுக் கூட்டத்துக்கும் அவளுக்கும் நடுவில் மறைப்பாக விட்டான். அவ்வளவுதான் ஊர். இந்த ஊருக்குப் பயந்துதான் பாஹிம் உலகத்தின் மறுபக்கம் வரை போயிருந்தான்.

சுஹைராவை மிதவை வளையத்தில் படுக்கவைத்து, கண்ணாடியை மாட்டி, குழாயை வாயில் கொடுத்தான். அவள் பயப்படவே இல்லை. சொல்லிக்கொடுத்த மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். அவன் வளையத்தைப் பிடித்தபடி பக்கத்தில் நீந்தினான். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே. யார் பார்க்கிறார்கள், எந்தப் படகு கிட்ட வருகிறது, அவள் உடுப்பு விலகுகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். பழகிய பழக்கம் அப்படி லேசில் போகுமா?

கொஞ்ச நேரத்தில் அவள் தலையைத் தூக்கிக் குழாயைக் கழற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அல்லாஹ்! எவ்வளவு மீன்!"

"தெரியுதா புள்ள?"

"தெரியாம? மஞ்சள் மீன் கூட்டமாப் போகுது. நீலத்தில ஒண்டு, இந்தப் பெரிசு. கீழ கல்லெல்லாம் பூப்போல இரிக்கு."

டொக்டர்மாருக்கு என்ன தெரியும், அல்லாஹ் நாடினால் ஆகாததா என்று அவன் நெஞ்சு துள்ளியது. அன்று முதல் தடவையாக முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தான்.

கீழே வெறும் மணல். வெள்ளை மணல், ஒரு மீன் இல்லை, ஒரு கல் இல்லை. அவன் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இருவரும் பவளத்தை விட்டு எப்போதோ ஒதுங்கிப் போயிருந்தார்கள்.

மூச்சு முட்டும் வரை உள்ளேயே இருந்தான். அழுதான். வெளியே வந்தபோது அவள் சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். அவன் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெறும் தண்ணீரைப் பார்த்தபடி.

"நீங்களும் கண்டீங்களா?"

"ஓம் புள்ள," என்றான். "கண்டன்."

"வடிவா இரிக்கு என்ன?"

"மிச்சம் வடிவு."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் பாக்கட்டா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் முகத்தை வைத்தாள்.

பவளம் அறுபதடி தள்ளித்தான் இருந்தது. அவன் வளையத்தைப் பிடித்து அவளை அங்கே தள்ளிக்கொண்டு போனான். இந்த முறை எந்தப் படகையும் பார்க்கவில்லை, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே போனான். பாறைக்கு மேலே வந்ததும் உண்மையாகவே ஒரு மஞ்சள் மீன் கூட்டம், நூறு இருக்கும், அவள் முகத்துக்கு ஒரு முழம் கீழே நிதானமாகத் திரும்பிப் போனது. பாஹிம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மீன்களைக் காட்டி அவள் கையை நீட்டவில்லை.