ஆதிலாவின் ஒன்பது படிகளும் என் ராத்தாவும்

“உங்கட ராத்தா உங்களயும் இப்பிடித்தான் ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போனவவா?”

பதினைந்து வயது ஆதிலா இதைக் கேட்டபோது நான் அவள் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். ஸ்கூட்டியில் பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்கப் போவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

ராத்தா என்பது என் மூத்த சகோதரி சுஹைரா. வயது முப்பத்திரண்டு. மூதூரில் பிறந்தவ. வாப்பா மௌத்தாகி, தகப்பன் இல்லாத எங்கள் வீட்டில் அவ சொல்லுத்தான் நடக்கும். பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சந்தித்துக் கதைப்பது அவவின் வேலை. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு அனுப்பும் பெயர்களை ஒரு கடதாசித் துண்டில் எழுதி வைத்திருப்பா. ஸ்கூட்டி ஓட்ட அவவுக்குப் பயம். அதனால் ஓட்டுவது நான், அசனா. பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்போடு நின்றவள்.

தெருப் பையன்களுக்கு அவ ‘விசர் மிஸ்’, பைத்தியக்கார டீச்சர்.

“விசர் மிஸ் போறா டோய்!”

“விசர் எனக்கில்லடா. முன்னுக்கிருந்து ஓட்டுறவக்குத்தான்!” என்று ராத்தா பின்னாலிருந்து கத்துவா. பிறகு என் முதுகில் முகத்தை வைத்துச் சிரிப்பா. வேலைக்குப் போகும் வழியில்தான் அந்தச் சிரிப்பு. வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவா.

ஆதிலா காலைக் கூட்டத்தில் ஒருநாள் மயங்கி விழுந்தாள். அடுத்த நாள் வகுப்பில் சில பிள்ளைகள் அவளைப் போலவே விழுந்து காட்டிச் சிரித்தார்கள். அதன் பிறகு விடிந்தால் வயிற்றுவலி. அவளுடைய உம்மா நஸ்ரியா தண்ணீர் ஓதிக் கொடுத்தா, கையில் நூல் கட்டினா, மூன்று டாக்டர்களிடம் காட்டினா. வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்கள். நாலு மாதம் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. பள்ளித் தவணை முடிவதற்குள் வராவிட்டால் வரவு இடாப்பில் பெயரை வெட்டிவிடுவோம் என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லியிருந்தார். ஏழு வாரம்தான் இருந்தது.

ராத்தா முதல் நாள் அவளிடம் பள்ளிக்கூடம் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. பூனைக்குட்டி பற்றிக் கேட்டா. மூன்றாம் நாள் ஒரு கொப்பியைக் கொடுத்து, “ஸ்கூலுக்கு ஏறுற படிகள நீயே கீறு. ஆகக் கீழ்ப்படி என்னெண்டு நீயே எழுது” என்றா. ஆதிலா ஒன்பது படி கீறினாள். முதலாம் படி: வெள்ளைச் சட்டையை அலுமாரிக்கு வெளியே தொங்கவிடுவது. இரண்டாம் படி: அதைப் போட்டுக்கொண்டு டீவி பார்ப்பது. நாலாம் படி: சனிக்கிழமை, பூட்டியிருக்கும் பள்ளிக்கூட வாசல்வரை நடப்பது. ஐந்தாம் படி: பள்ளிக்கூடம் நடக்கும் நேரத்தில் வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்புவது. ஒன்பதாம் படிதான் முழு நாள்.

வீட்டாருக்கு ராத்தா போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. “புகழவும் வேணாம், ஏசவும் வேணாம். போயிட்டு வந்தா, ‘வந்திட்டியா மகள், சாப்பிடு’ எண்டு மட்டும் சொல்லுங்க. வெளிய ஒருத்தருக்கும் தெரியப்படாது.”

நான் முற்றத்தில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு படிக்கு நாலு நாள் எடுத்தாலும் ராத்தா அவசரப்படவில்லை. வெறும் தரையில் அவளோடு சப்பணம் கட்டி இரண்டு மணித்தியாலம் இருந்தா. அவள் அழுதால் பேசாமல் இருந்தா, சிரித்தால் அவளைவிடப் பெரிதாகச் சிரித்தா. எனக்கு நெஞ்சு எரிந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

ஏனென்றால் என் கதை வேறு. கணக்குப் பாடத்தில் எழுப்பிக் கேள்வி கேட்டால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் நான் போகமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். அப்போது கூட்டுறவுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்த ராத்தா என் கையைப் பிடித்து நாலு ஒழுங்கை தூரம் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போனா. வாசலில் என் சட்டைக் கை கிழிந்தது. கூட்டத்தில் நின்ற முழுப் பள்ளிக்கூடமும் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து நான் போகவில்லை. அடுத்த வருடம் ராத்தா சனிக்கிழமைகளில் படகேறித் திருகோணமலைக்குப் போய் உளவளத்துணை, அதாவது கவுன்சிலிங், படிக்கத் தொடங்கினா. படித்ததையெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுத்தா. எனக்குக் கொடுத்தது ஸ்கூட்டியைக் கிளப்பும் திறப்புத்தான்.

ஐந்தாம் படி அன்று ஆதிலா வாசலில் பத்து நிமிடம் நின்றாள். முகம் வேர்த்துக் கொட்டியது, ஆனாலும் நின்றாள். நடந்து வீட்டுக்கு வந்ததும் ராத்தா அவளோடு அறைக்குள் போய்விட்டா. நஸ்ரியா என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து குந்தினா.

“மகள் அசனா, இண்டைக்கு எவ்வளவு தூரம் போன?”

‘ராத்தாட்டக் கேளுங்க’ என்று சொல்லியிருக்க வேண்டும். அறைக்குள் இருவரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டாள் என்று சொன்னால் ராத்தாவுக்கு இந்த வீட்டில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

“உள்ளுக்கே போயிட்டா” என்றேன்.

நஸ்ரியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. மகள் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்தால் நார்சா கொடுப்பதாக அவ நிய்யத்து வைத்திருந்ததை நான் அறியவில்லை. நார்சா என்றால் நேர்ச்சைச் சாப்பாடு, ஓதி ஊருக்கே பகிர்வது. நிய்யத்தைத் தள்ளிப்போட அவவுக்குப் பயம். வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு நெய்ச்சோற்றுச் சட்டி இறக்கினா.

அன்று எங்கள் உம்மா என்னைத் தயிர் வாங்க அனுப்பியிருந்தா. ஒழுங்கை முகப்பில் இருக்கும் தன் வீட்டு வாசலில் நஸ்ரியா என்னை மறித்து, ஒரு பார்சலைக் கையில் திணித்தா. “ராத்தாக்குக் குடுங்க. அவ கேட்ட துஆதான் எல்லாம்.” பின்னால் முற்றம் நிறையப் பெண்கள். “ஸ்கூல் போறாவாமே புள்ள! எங்க, கூப்பிடுங்க பாப்பம்!” என்று ஒருத்தி அறைக் கதவைத் தட்டினா. உள்ளேயிருந்து கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. வாசலில் ஆதிலாவின் கொப்பி ஒற்றைகள் தாள்தாளாகக் கிழிந்து கிடந்தன. ஒன்றில் ஐந்தாம் படி தெரிந்தது.

வீட்டில் ராத்தா பார்சலைப் பிரித்தா. நெய்ச்சோற்று வாசம்.

“எங்கத்த நார்சா இது?”

“ஆதிலாட ஊட்டு நார்சா.”

அவவின் கை அப்படியே நின்றது. “என்னத்துக்கு? ஆர் என்ன சொன்ன அவக்கு?”

“நான்தான். உள்ளுக்குப் போனதெண்டு சொன்னன்.”

“ஏன்டி?”

“நீங்க என்னோட ஒருநாளும் அப்பிடி இருக்கல்ல.”

ராத்தா பார்சலைத் திரும்ப மடித்து வைத்தா. பிறகு, “அண்டைக்கு உன்ட கையப் புடிச்சு இழுத்தது பிழை. மூணு வருசமா அதச் சொல்ல எனக்கு வாய் வரல்ல” என்றா. நான் அழத் தொடங்கியதும், “அழாத. நீ செஞ்சதும் பிழைதான். நாளைக்கு நீயே போய் ஆதிலாட்டச் சொல்லு” என்றா. அணைக்கவில்லை. நான் எதிர்பார்த்தேன்.

மறுநாள் ஆதிலாவின் பூட்டிய அறைக் கதவுக்கு முன்னால் நான் தரையில் இருந்தேன். ராத்தா முற்றத்துக் கதிரையில்.

“ஆதிலா, உங்கட உம்மாட்டப் பொய் சொன்னது நான்தான். உங்களில எரிச்சல்.”

கதவுக்குள்ளிருந்து, “என்னிலயா? விசரா உங்களுக்கு? அஞ்சு மாசமாக் கட்டிலுக்குக் கீழ கிடக்கிறன். இதில என்ன எரிச்சல்?”

“என்ட ராத்தா உங்களோட சிரிக்கிறா.”

உள்ளே ஏதோ நகர்ந்தது.

“அண்டைக்கு ஒண்டு கேட்டீங்களே” என்றேன். “இல்ல. என்னை இப்பிடிக் கூட்டிக்கொண்டு போகல்ல. இழுத்துக்கொண்டு போனவ. கை கிழிஞ்சிட்டு.”

“அல்லாஹ்! உங்கட கையா?”

“சட்டைக் கை.”

அவள் சிரித்தாள். மூக்கால் வந்த சிறிய சிரிப்பு. ஆனால் கதவு அன்று திறக்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் திறந்தது. புதிய கொப்பியில் ஆதிலா முதலாம் படியில் இருந்து மறுபடி கீறினாள். மேலே கொட்டை எழுத்தில், ‘உம்மா சோறு ஆக்கக் கூடாது’ என்று எழுதினாள். நஸ்ரியா அதற்குக் கீழே கையெழுத்து வைத்தா.

தவணை முடிய மூன்று நாள் இருந்தபோது அவள் வாசலைத் தாண்டி உள்ளே போய், நூலக அறையில் இரண்டு பாடம் இருந்துவிட்டு வந்தாள். ஏழாம் படி. இடாப்பில் அவள் பெயர் இருக்கிறது. ஒன்பதாம் படி இன்னும் வரவில்லை. வெளியே வந்ததும் அவள் ஓடிப்போய் ராத்தாவின் கையைப் பிடித்தாள். நான் ஸ்கூட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு அப்போதும் எரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நஸ்ரியா வீட்டில் சொன்னது: “வந்திட்டியா மகள், சாப்பிடு.”

திரும்பும்போது ராத்தா என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டா. சிரிக்கவில்லை. சும்மா வைத்துக்கொண்டிருந்தா.

உங்கள் ஒழுங்கையிலும் விடிந்தால் வயிறு வலிக்கும் ஒரு பிள்ளை இருக்கும். அந்த வீட்டில் கையைப் பிடித்து இழுக்கிறவர்களுக்கும், வாசலைத் தொட்டதுமே சட்டி இறக்குகிறவர்களுக்கும், வெளியே கதிரையில் எரிந்துகொண்டிருக்கும் தங்கச்சிக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்க நேரமில்லை என்றால் வாயால் சொல்லுங்கள். என் பெயரையும் சொல்லலாம்.