வியன்னாவில் ஒன்பது மணித்தியாலம்

ரொறன்ரோவில் அன்று பின்னேரம் கொட்டிய பனியால் எங்கள் விமானம் மூன்று மணித்தியாலம் பிந்தித்தான் கிளம்பியது. சிறகுகளில் படிந்த பனியை மருந்தடித்துக் கழுவினார்கள். கழுவி முடிப்பதற்குள் திரும்பவும் படிந்தது. வியன்னாவில் இறங்கியபோது நாங்கள் பிடிக்க வேண்டிய அடுத்த விமானம் போய்விட்டது. நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று நாட்கள் இருந்தன. மனைவியும் மகனும் இரண்டு கிழமைக்கு முன்பே யாழ்ப்பாணம் போயிருந்தார்கள். எனக்கு வேலையிடத்தில் லீவு பிந்திக் கிடைத்ததால் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

விமானத்தைத் தவறவிட்டவர்களை ஒரு கவுண்டருக்கு முன்னால் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்றவரின் பின்கழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. அக்காவின் கணவராக இருந்தவர். தமிழில் முன்னாள் அமைச்சர் உண்டு, முன்னாள் அதிபர் உண்டு. முன்னாள் அத்தான் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆறு வருடமாக அவருடன் நான் பேசவில்லை. ஒரே விமானத்தில் இரவு முழுக்க வந்திருக்கிறோம், அதுவும் தெரியாது.

அவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று அக்கா சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒரு சனிக்கிழமை வான் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். மார்க்கம் நகரில் இருந்த வீட்டிலிருந்து ஸ்காபரோவில் ஒரு சிறிய வீட்டுக்குச் சாமான்களை ஏற்றி இறக்கினேன். சோபாவைத் தூக்கும்போது அத்தான் வந்து மற்ற முனையைப் பிடித்தார். "விடுங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்றேன். அவர் கையை எடுத்துவிட்டு உள்ளே போனார். அதுதான் எங்களுக்கிடையில் இருந்த கடைசிப் பேச்சு.

கவுண்டரில் இருந்த பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றாகவா பயணம் செய்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் இல்லை என்ற அதே நேரத்தில் அவர் ஆம் என்றார். அவள் வயதில் மூத்தவரின் பதிலை எடுத்துக்கொண்டாள். இரவு எட்டரைக்குப் புறப்படும் விமானத்தில் பக்கத்துப் பக்கத்து ஆசனங்களை அச்சடித்துக் கொடுத்தாள்.

நாங்கள் ஒரு தூணருகே போய் நின்றோம்.

"ஒம்பது மணித்தியாலம் இருக்கு. நீர் சிற்றிக்குள்ளை போறீரோ?" என்று கேட்டார்.

"யோசிக்கேல்லை."

"ரெயின் இருக்காம். அரை மணித்தியாலமும் இல்லை. கனேடியன் பாஸ்போட்டுக்கு விசா தேவையில்லை எண்டு அந்தப் பிள்ளை சொன்னது." பிறகு என் மேலே பார்த்தார். "ஜக்கெற் எங்கை?"

"கொண்டந்து விட்ட சிநேகிதன்ர காரிலை விட்டிட்டன்."

"நானும் அப்பிடித்தான்."

மார்கழியில் ஊருக்குப் போகும் ரொறன்ரோக்காரர் எல்லோரும் அப்படித்தான். விமான நிலைய வாசலில் குளிர் ஜக்கெற்றைக் கழற்றிக் காருக்குள் எறிந்துவிட்டு உள்ளே ஓடுவோம். ஊரில் அதைச் சுமந்து திரிய முடியாது. நடுவழியில் இன்னொரு குளிர் நாட்டில் இறங்கி நடக்க வேண்டிவரும் என்று யாரும் நினைப்பதில்லை. நான் ஒரு ஸ்வெற்றரோடு நின்றேன். அவர் சேட்டுக்கு மேலே ஒரு மெல்லிய பருத்தி மேலாடை போட்டிருந்தார்.

அவரோடு போக எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதே நகரத்துக்குத் தனியாகப் போய் எங்காவது ஒரு மூலையில் அவரைச் சந்திப்பது இன்னும் மோசமாக இருக்கும் என்று பட்டது. போனோம்.

வியன்னா அழகான நகரம். எல்லாக் கட்டடங்களும் ஒரே உயரத்தில், யாரோ கயிறு பிடித்துக் கட்டியதுபோல நின்றன. தெருவுக்குக் குறுக்கே சரவிளக்குகள் போன்ற பெரிய மின்விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பகலிலேயே அவை எரிந்தன. நகரசபைக் கட்டடத்துக்கு முன்னால் கிறிஸ்மஸ் சந்தை. மரத்தால் செய்த சிறு சிறு கடைகள், கண்ணாடி உருண்டைகள், மெழுகுதிரிகள், இஞ்சி போட்ட பெரிய பிஸ்கட்டுகள். சனம் நெருக்கியடித்தது. சனத்துக்குள் நின்றால் குளிர் கொஞ்சம் குறைவு என்பதால் நாங்களும் நடுவிலேயே நடந்தோம். "உதைப் பாரும்" என்று அவர் ஏதாவது ஒன்றைக் காட்டுவார். நான் பார்ப்பேன்.

கால் மணித்தியாலத்தில் என் காதுகள் இருக்கிற இடம் தெரியாமல் போயின. ஒரு கம்பளித் தொப்பிக் கடை கண்ணில் பட்டது. பெரியவர்களின் தலைக்கு ஏற்றதாக ஒரே வகைத் தொப்பிதான் மிஞ்சியிருந்தது. சிவப்பு நிறம், நெற்றியில் கலைமான், உச்சியில் வெள்ளைக் குஞ்சம். இரண்டு வாங்கினோம். அவர் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதும் அறுபது வயதுமான இரண்டு கறுத்த ஆட்கள் ஒரே தொப்பியோடு நின்றோம். ஒரு ஜப்பானியக் குடும்பம் எங்களைக் கடந்துபோய், திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

சூடாக ஏதாவது குடிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். கறுவாவும் கராம்பும் போட்டுச் சூடாக்கிய வைனைச் சப்பாத்து வடிவக் கோப்பைகளில் விற்றார்கள். பக்கத்துக் கடையில் இறைச்சி வாட்டும் புகை. நான் அவருக்கும் சேர்த்துச் சொல்லப்போக, அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"எனக்கு வேண்டாம். பிள்ளையளுக்குக் குடுக்கிற பழச்சாறு ஒண்டு இருக்கு, அது காணும். இறைச்சியும் இல்லை. அம்மாவின்ர ஆட்டத்திவசத்துக்குப் போறன், வருசம் ஒண்டாச்சு."

அவருடைய அம்மா இறந்தது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. போன மார்கழியில் றிச்மண்ட் ஹில் கோயிலில், சப்பாத்துக் கழற்றும் இடத்தில் வைத்து ஒருவர் சொன்னார். யாழ்ப்பாணத்தில், நித்திரையிலேயே போய்விட்டாராம். நான் காருக்குள் வந்து இருந்து போனை எடுத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. வைத்துவிட்டேன். அடுத்த நாளும் எடுத்தேன். ஒரு கிழமை கழிந்த பிறகு, இனி எடுத்தால் ஏன் இவ்வளவு நாள் எடுக்கவில்லை என்று கேட்பார் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அந்த மாமியை எனக்கு நன்றாகத் தெரியும். நான் கனடாவுக்கு வந்தபோது அக்காவும் அத்தானும் பார்க்டேலில் ஓர் ஒற்றை அறை அப்பாட்மென்ரில் இருந்தார்கள். அங்கிருந்த சோபாதான் என் படுக்கை. சில வருடங்களில் அக்காவுக்குப் பிள்ளை பிறக்க, பேறு பார்க்க மாமி விசிற்றர் விசாவில் வந்து ஆறு மாதம் நின்றார். நான் பிளாஸ்ரிக் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் விடியற்காலை வேலைக்குப் போவேன். நான் எழும்புவதற்கு முன்பே எழும்பி, பிள்ளை முழிக்காமல் சத்தமில்லாமல் புட்டவித்து, வாழையிலை கிடைக்காத நாட்டில் ஈயத்தாளில் சுற்றித் தருவார். ஒரு நாளும் தவறவில்லை. அவருக்கு நான் மகனும் இல்லை, மருமகனும் இல்லை, மருமகளின் தம்பி.

அந்தக் கதை எதையும் நான் சந்தையில் வைத்துச் சொல்லவில்லை. எனக்கு வைனும் அவருக்குப் பழச்சாறும் வாங்கி வந்தேன். உருளைக்கிழங்கு மாவைத் தட்டிப் பொரித்து, மேலே உள்ளி பூசிய ரொட்டி போன்ற ஒன்றைப் பாதி பாதியாகச் சாப்பிட்டோம்.

மூன்று மணிபோல அவருடைய போன் அடித்தது. மகள்தான் வீடியோவில் வந்தாள். ரொறன்ரோவில் அப்போது சனிக்கிழமை காலை ஒன்பது மணி. பல்கலைக்கழக விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அப்பா, வட் இஸ் ஒன் யுவர் ஹெட்?" என்று சிரித்தாள். பிறகு அவர் போனைக் கொஞ்சம் சரித்தபோது என்னைக் கண்டாள். "வெயிற். மாமாவா அது? நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டாவா?"

"பிளேன் மிஸ் பண்ணிப்போட்டுது," என்றார் அவர். "தற்செயலாக் கண்டனாங்கள்."

"ஓ மை கோட். அம்மா! அம்மா, கம் ஹியர்!"

"வேண்டாம் பிள்ளை," என்று இரண்டு பேரும் சொன்னோம். அதற்குள் அவள் போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். படம் ஆடியது. குளிர்சாதனப் பெட்டி, யன்னல், யன்னலுக்கு வெளியே பனி, பிறகு அக்காவின் முகம். கையில் அகப்பை இருந்தது. எங்கள் இரண்டு பேரையும் அவள் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் ஜக்கெற் இல்லாமல் ஏன் குளிருக்குள்ளை நிக்கிறியள்?" என்றாள். உடனே அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மகள் இன்னும் ஏதோ பேசினாள். படம் உறைந்து நின்று, கடைசியில் அறுந்துவிட்டது. அவர் போனைச் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

"தலைமயிர் வெட்டியிருக்கிறா," என்றார்.

"ஓம். அக்கா போன சமர் வெயிலுக்கை வெட்டினவ."

"வடிவாயிருக்கு."

நான் வெறும் கோப்பைகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கியது. விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் பெரிதாகியதுபோலத் தெரிந்தன. கடும் குளிர். வீதியில் வந்த ஒரு ட்ராம் வண்டிக்குள் ஏறிவிட்டோம். எங்கே போகிறது என்று பார்க்கவில்லை. உள்ளே சூடாக இருந்தது, அது போதும். யன்னல் கண்ணாடியில் மூச்சின் ஆவி புகாராகப் படிந்திருந்தது. அவர் அதைக் கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய தோளுக்குப் பின்னால் இருந்தேன். முகத்தைப் பார்க்காமல் சொல்ல முடிந்தது அதனால்தான்.

"அத்தான், மாமியின்ர விசயத்துக்கு நான் போன் எடுக்கேல்லை."

"ஓம்," என்றார். திரும்பவில்லை.

ட்ராம் ஒரு தரிப்பில் நின்றது. பொதிகளோடு ஒரு குடும்பம் ஏறியது. கதவு மூடியது.

"எடுப்பீர் எண்டு இருந்தனான்," என்றார். "அந்த நேரம் கனபேர் எடுத்தவை. ஆர் எடுத்தது, ஆர் எடுக்கேல்லை எண்டு அப்ப தெரியேல்லை. செத்தவீடு முடிஞ்சு திரும்பி வந்து, தனிய இருக்கேக்கைதான் யோசிச்சனான்."

"எடுக்க வெளிக்கிட்டனான். பிறகு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை."

"என்னத்தைச் சொல்லுறது? ஒண்டும் சொல்லத் தேவையில்லை. எடுத்திருந்தாக் காணும்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது விளக்கம் சொல்லியிருப்பேன். இல்லாதபடியால் மன்னிப்புக் கேட்க மட்டும் முடிந்தது. கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். இரண்டு மூன்று தரிப்புகள் தாண்டிய பிறகு, அம்மா கடைசி வருடத்தில் ஆட்களை ஆள் மாற்றி நினைக்கத் தொடங்கியிருந்தார் என்றும், போனில் தன்னோடு பேசும்போது சில நேரம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்றும் சொன்னார். "நீர் எண்டு நினைச்சு, வேலை எப்பிடி, சாப்பிட்டாச்சோ எண்டு கேப்பா. நானும் ஓம் மாமி எண்டு சொல்லுவன். திருத்தி என்ன பிரயோசனம்?"

வண்டி கடைசித் தரிப்பில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். சாரதி எங்களைத் திரும்பிப் பார்த்தான். திரும்பவும் நகரத்துக்கே போவதானால் இருக்கலாம் என்று சைகை செய்தான். நாங்கள் இருந்தோம். நான் அவருக்குப் பக்கத்து ஆசனத்துக்கு மாறினேன்.

விமானத்தில் அவர் ஏறியதும் நித்திரையாகிவிட்டார். சாப்பாடு கொண்டுவந்தபோது அவருக்கு மரக்கறிச் சாப்பாடு என்று நான் சொல்லி எடுத்து வைத்தேன். கொழும்பில் இறங்கி, பெட்டிகளை எடுத்து, அவர் ஒரு வானுக்கும் நான் இன்னொரு வானுக்கும் பிரிந்தோம். பிரியும்போது, "வியாழக்கிழமை திவசம். நல்லூரடியிலை, அண்ணை வீட்டிலை. வரவேணும் எண்டில்லை," என்றார்.

மனைவியிடம் சொன்னேன். அக்கா என்ன நினைப்பாளோ என்று அவள் யோசித்தாள். "போயிட்டு வாங்கோ. அக்காவுக்கு நீங்களே சொல்லுங்கோ, வேறை ஆக்கள் சொல்ல விடாதேங்கோ," என்றாள்.

போனேன். வெயில் ஏறிய முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஐயர் மந்திரம் சொல்ல, அத்தான் வெறும் மேலோடு, தோளில் பூணூலும் விரலில் தர்ப்பையுமாக இருந்தார். நான் ஒரு கரையில் இருந்தேன். சிலர் என்னைப் பார்த்து ஒருவருக்கொருவர் ஏதோ சொன்னார்கள். ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. படைத்து முடிந்ததும் பந்தியில் இருத்திச் சாப்பாடு போட்டார்கள். அத்தான் எனக்கு இரண்டாம் முறை பாயாசம் விட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். வியன்னாவைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே இருந்தாள்.

"திவசத்துக்குப் போனனியாம்."

"ஓம். சொல்லத்தான் வந்தனான்."

"என்ன கறி வைச்சவை?"

நினைவிருந்ததைச் சொன்னேன். வாழைக்காய், பூசணி, பயற்றங்காய், பாகற்காய்க் குழம்பு, ஒரு கீரை.

"பாகற்காயோ?" என்று நிமிர்ந்தாள். "மாமி பாகற்காயை வாயிலையும் வைக்கமாட்டா. ஆர் உதை வைச்சது? அவருக்கு உதுகள் ஒண்டும் தெரியாது. ஒரு போன் எடுத்து என்னைக் கேட்டிருக்கலாம்."

கொஞ்ச நேரம் கோபமாகவே இருந்தாள். பிறகு மகளைத் திரும்ப யூனிவேசிற்றியில் கொண்டுபோய் விடுவதற்கு வருகிற சனிக்கிழமை என் கார் தேவைப்படும் என்று சொன்னாள். வருகிறேன் என்றேன்.