வீட்டுக்கு ஒரு கூடை மண்

“கிணத்துக்குள்ள டேப்ப விட்டுப் பாக்கதுக்கா ஒங்கய்யா ஒன்ன காலேஜுக்கு அனுப்புனாரு? கயித்துல ஒரு கல்லக் கெட்டி விட்டா போதுமே ஏட்டி!”

இரண்டு வருடங்களுக்கு முன்னால், நான் வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், ஓர் ஊர் நாட்டாமை அண்ணாச்சி என்னைக் கேட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். உள்ளே எரிந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அய்யாவும் அம்மாவும் இன்னமும் கைநாட்டு. அப்படிப் படித்து வாங்கிய வேலை ஒரு கல்லுக்குச் சமமா?

வேலை இதுதான். சங்கரன்கோவிலில் டவுன் பஸ் பிடித்து, கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போக வேண்டும். சில கிணறுகளில் மாதம் ஒருமுறை டேப்பை இறக்கி, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

அண்ணாச்சியின் ஊரை மேலூர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே கீழூர். நிஜப் பெயரைப் போட்டால் அண்ணாச்சி அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடுவார்!

மேலூர்க் குளம் நிறைந்தால், மிச்சத் தண்ணீர் மறுகால் கல்லுக்கு மேலே வழிந்து, ஓடையில் இறங்கி, கீழூர்க் குளத்துக்குப் போகும். அந்த மிச்சம் மேலூர்க்காரர்களின் கண்ணை உறுத்தியது. மூன்று வருடங்களுக்கு முன் ஊர் கூடி முடிவெடுத்தார்கள் — வீட்டுக்கு ஒரு கூடை களிமண். பெண்கள் சுமந்து வந்து கொட்ட, மறுகால் ஒரு முழம் உயர்ந்தது. குளம் தளும்பி நின்றது. கடைசி மடை வரை நெல். அண்ணாச்சி சாயங்காலங்களில் குளத்தங்கரையில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார்.

ஆனால், மேலூருக்குள் இருக்கிற கிணறுகள் எல்லாம் உப்பு. குடிக்க ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அது இருப்பது ஓடையைத் தாண்டி, கீழூர்க் குளத்தின் ஓரத்தில். அதுவும் என் நோட்டில் உண்டு. வருடா வருடம் அதில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. ஒரு குடம் நிறைய அரை மணி நேரம்.

“கீழூர்க்காரன் மோட்டார் போட்டு உறிஞ்சுதான். வெளங்குவானா?” என்று பெண்கள் திட்டுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன மாதம், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பொழுது போகாமல் நோட்டைப் புரட்டினேன். எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் எழுதிய பக்கங்களில், ஐப்பசி மழை பிடித்தால் கார்த்திகையில் நல்ல தண்ணீர்க் கிணறு ஏறிவிடும். மண் போட்ட பிறகு? மேலூர்க் குளம் தளும்புகிறது... கிணறு ஏறவே இல்லை. கீழூர்க் குளத்துக்குத் தண்ணீர் வராவிட்டால் அதன் ஓரத்துக் கிணற்றுக்கு ஊற்று எங்கிருந்து வரும்? தங்கள் குடிதண்ணீரைத் தாங்களே கூடை கூடையாக அடைத்திருக்கிறார்கள்!

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. கிணற்றுக்கு ஓடினேன். அங்கே குடத்தோடு நின்றவர் பார்வதி மைனி — அண்ணாச்சியின் மனைவி. நோட்டைக் காட்டி விளக்கினேன். குடத்தைக் கீழே இறக்கி வைத்தார்.

“மொதக் கூடையச் சொமந்தவ நான்தாம்ட்டி” என்றார்.

போன வாரம் ஊர்க் கூட்டம். மழைக்கு முன்னால் மண்ணை எடுக்காவிட்டால் இன்னொரு வருடம் போச்சு. நான் நோட்டை வாசித்தேன். அண்ணாச்சி கையை வீசினார்.

“வயக்காட்டுத் தண்ணி வேற, குடிதண்ணி வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத. மண்ண எடுத்தா கடமடை வயலு காஞ்சிரும். அது ஆரு வயலு? என் வயலு!”

கூட்டத்துக்கு வெளியே நின்ற மைனி, ஒரு தூக்குவாளியோடு உள்ளே வந்தார்.

“இங்கேருங்க... இது ஒங்க குளத்துத் தண்ணியில போட்ட காப்பி. மாடு குளிப்பாட்டுத தண்ணி. எல்லாரு முன்னாலயும் குடிங்க. குடிச்சிட்டியன்னா மண்ணு அங்கனயே கெடக்கட்டும்.”

“குடிங்க அண்ணாச்சி, ஆறிரப்போவுது!” என்று யாரோ குரல் கொடுக்க, ஒரே சிரிப்பு.

அண்ணாச்சி வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “ஏட்டி, அந்த நோட்ட இன்னொரு வாட்டி வாசி.”

மாதம் மாதமாக வாசித்தேன். மண் போட்ட மூன்றாம் வருடக் கணக்கு வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கடமடையில இந்த வருசம் உளுந்து போட்டுக்கிடுதேன். எவனும் எங்கிட்ட நெல்லுன்னு பேசப்படாது.”

வயல், குடிநீர், அடுத்த ஊர் எல்லாவற்றையும் சேர்த்து யோசித்துத் தண்ணீரை நிர்வகிக்க வேண்டும் என்று பெரிய பெரிய கூட்டங்களில் பேசுகிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால், யாராவது ஒருவர் தன் நெல்லை விட்டுக்கொடுத்தால்தானே அது நடக்கும்? அண்ணாச்சி விட்டார். அந்த மனசு எனக்கு வருமா? தெரியவில்லை.

முந்தாநாள் மண் எடுத்தார்கள். அதற்கும் அதே சட்டம் — வீட்டுக்கு ஒரு கூடை. முதல் கூடை அண்ணாச்சி வீடு. இந்த முறை மைனி சுமக்கவில்லை. நிரப்பி அண்ணாச்சி தலையில் ஏற்றிவிட்டார். “சொமந்து பாருங்க, கனம் தெரியும்!”

கடைசிக் கூடை போனதும் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, இங்கன வா. பழைய மட்டத்துக்கு வந்துருச்சான்னு டேப்ப வச்சுப் பாத்துச் சொல்லு.”

கல்லைக் கட்டி விடுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அளந்தேன். சரியாக இருந்தது.

மழை இன்னும் வரவில்லை. கிணறு ஏறுமா? நோட்டுதான் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது, வேடிக்கை பார்க்க வந்த கீழூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. “இனி தண்ணி வந்துரும்லா... நம்ம மறுகால்லயும் ஒரு முழம் ஏத்திருவமா வே?”

கீழூருக்குக் கீழேயும் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க் கிணற்றில் நேற்றே டேப்பை இறக்கி, அளவை நோட்டில் எழுதிவிட்டேன்.