மாடசாமி இருக்காரு

வளைவு வந்தால் மாடசாமி தன் லேண்ட் ரோவரின் வேகத்தைக் குறைக்கிறார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பிளாஸ்டிக் பையைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே இழுக்கிறார். பைக்குள் இருக்கும் கைப்பேசியைக் கையை நீட்டிப் பிடித்து, சிக்னல் எத்தனை கோடு என்று பார்க்கிறார். "ரெண்டு" என்று தனக்கே சொல்லிக்கொண்டு திரும்பச் சட்டைக்குள் விடுகிறார். அடுத்த வளைவில் மறுபடியும். சனிக்கிழமை தானா ராத்தா டவுனிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் பதினோரு முறை பார்த்தார். பக்கத்து இருக்கையில் இருந்த நான் வேறு எதையும் பேச முடியாமல் அதை எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஐம்பத்தொன்பது வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறார். குட்டையான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய உள்ளங்கைகள். நின்றுபோன காரிடம் போனால் எல்லோரையும் போல முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல அதன்மேல் கையை வைத்துப் பார்ப்பார். "தண்ணியே குடுக்கல நீ இதுக்கு. உனக்கு மட்டும் வேளாவேளைக்கு தே தாரேக் குடிக்கணும்" என்று சொந்தக்காரரைத் திட்டுவார். அதன் பிறகுதான் மாவுச் சாக்கிலிருந்து இழுவைச் சங்கிலி வெளியே வரும். கொக்கியை மாட்டியதும் காரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே ஒரு உத்தரவு: "நான் நிறுத்துனா நிறுத்து. ஹார்ன் மட்டும் அடிக்காத, எனக்குக் கோவம் வரும்." காரை வீட்டு வாசலில் விட்டதும் சர்க்கரை போடாத தேநீர் ஒரு கோப்பை குடிப்பார். வேறு எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

இருபது வருடங்களாக எங்கள் தோட்டத்தின் மூன்று டிவிஷனிலும் ஒரு கார் நின்றுபோனால் மாடசாமியைத்தான் கூப்பிட்டோம். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. ஒவ்வொரு வருடமும் கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க தானா ராத்தாவில் ரமணியின் கடைக்குப் போவோம். போட்டோ ஸ்டேட் மெஷினுக்கும் ரோட் டாக்ஸ் கோப்புகளுக்கும் நடுவில் ரமணி உட்கார்ந்திருப்பார். படிவத்தின் கடைசியில், வழியில் கார் நின்றால் லோரி வந்து இழுத்துப்போகும் கூடுதல் சேவைக்கு ஒரு சிறு கட்டம் உண்டு. ரமணி பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு, "இழுக்கிறது போடட்டா?" என்று கேட்பார். தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வோம்: "எதுக்குலா? மாடசாமி இருக்காரு." போகப் போக ரமணி கேட்பதையே விட்டுவிட்டார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

போன ஆகஸ்டில் நானும் அப்படித்தான் சொன்னேன். கார் என் பெயரில் இருந்தது. ஓட்டியது என் அண்ணன் தனராஜ்.

நவம்பரில் அண்ணன் மலையடிவாரத்தில், தாப்பாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ரிங்லெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் கார் நின்றுவிட்டது. சாயங்காலம் நாலரை மணி. மழை. மாடசாமி அந்த நேரத்தில் தானா ராத்தாவுக்கும் மேலே கியா பார்மில், கால்வாயில் சாய்ந்த ஒரு காய்கறி லோரியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். கைப்பேசி லேண்ட் ரோவரின் இருக்கையில் கிடந்தது. அண்ணன் அவரை ஏழு முறை கூப்பிட்டிருக்கிறார். நடுவில் ஒரு முறை என்னையும். "மாடண்ணன் எடுக்க மாட்டேங்கிறாருமா" என்றார். "பாத்துட்டு வந்துருவாரு. நீ அங்கேயே இரு" என்றேன். அண்ணன் அங்கேயே இருந்தார். ஆறு மணிக்குப் பனி இறங்கியதும், மேலேயிருந்து இறங்கும் வண்டிகளுக்குத் தெரியட்டும் என்று மரக்கிளைகளை ஒடித்து வளைவுக்கு மேலே ரோட்டில் போடப் போனார். எங்கள் பக்கத்தில் வண்டி நின்றால் எல்லோரும் செய்வதுதான். ஆறே கால் இருக்கும், கீழிறங்கிய ஒரு லோரி கிளைகளையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

காரில் ஒரு கீறல்கூட இல்லை. பெல்ட் ஒன்று அறுந்திருந்தது. அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் மாடசாமியின் கழுத்தில் கயிறு ஏறியது. குளிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று அவர் மனைவி சரோஜா சொல்கிறார். என் அண்ணனின் காரியம் முடிந்து ஒரு மாதம் ஆனதும் அவர் இன்னொரு வேலையையும் ஆரம்பித்தார். சாயங்காலங்களில் தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கு, லயம் லயமாகப் போய், வாசலில் கார் நிற்கிற வீட்டில் கதவைத் தட்டி, "இன்சூரன்ஸ் எப்ப முடியுது? இழுக்கிறது போட்டிருக்கியா?" என்று கேட்டார். இருபது வருடம் தன்னை நம்பி யாரும் போடாத கட்டத்தை, ஒவ்வொரு வீடாகப் போய்ப் போடச் சொன்னார்.

கேலிக்குக் குறைவில்லை. "என்னண்ணே, ஏஜென்ட் வேலையா? எங்களுக்கும் கமிஷன்ல பங்கு உண்டா?" என்றார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் காளியம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எல்லாரும் லோரியக் கூப்பிட்டுட்டா உன் சங்கிலிய என்ன பண்ணுவ? ஊஞ்சல் கட்டுவியா?" என்றார். "கட்டுறேன். நீ ஒக்காரு, தாங்குதான்னு பாப்போம்" என்றார் மாடசாமி. காளியம்மாவின் உடம்பு கொஞ்சம் பெரிது. கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

தோட்டத்துப் பையன் புனிதனுக்குத் தன் புதுக் காரைப் பற்றிப் பெருமை. "எனக்கு சும்மாவே வருதுண்ணே. அம்பது கிலோமீட்டர் ஃப்ரீயா இழுப்பாங்க" என்றான்.

"அம்பதா? இங்கேருந்து தாப்பாவுக்கே பத்தாதேடா. பாதி மலையில அவுத்து விட்டுட்டுப் போயிட்டா? காட்டுப் பன்னி வந்து ஓட்டிக்கிட்டுப் போகுமா?"

"அப்ப எதத்தான் போடறது?"

"எந்த ஊர்லேருந்து லோரி வருதுன்னு கேளு. ஈப்போவா, தாப்பாவா? எத்தன கிலோமீட்டர்னு கேளு. ஃபோன எடுக்கிறது மனுசனா மெசினானு கேளு. மழையில நின்னுக்கிட்டு ஒன்ன அமுக்கு, ரெண்ட அமுக்குன்னா எவனால முடியும்?"

அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், சோதித்துப் பார்த்திருக்கிறார். ஆங்கிலமும் மலாயும் பேசுவாரே தவிர, பொடி எழுத்தைப் படிக்க வராது. அதனால் ஓய்வு நாளில் லேண்ட் ரோவரை ஏதாவது ஒரு வளைவில் நிறுத்திவிட்டு, ரமணியிடம் வாங்கிய எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். மணி பார்ப்பார். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு நேரம் பாட்டுப் போடுகிறார்கள், இந்த இடம் அவர்களுக்குப் புரிகிறதா என்று கேட்டுக்கொள்வார். வண்டிக்கு என்ன கோளாறு என்று அந்தப் பக்கம் கேட்டதும், "வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்களத்தான் பாக்கலாம்னு" என்பார். இரண்டு இடத்தில் வசவு வாங்கியிருக்கிறார்.

எங்கள் டிவிஷனில் கட்டம் போடாமல் கடைசியாக மிஞ்சியது என் கார்தான். நவம்பருக்குப் பிறகு நான் அதை எடுக்கவில்லை. ஜனவரியில் பெல்ட் மாற்றி வாசலில் கொண்டு வந்து விட்டது மாடசாமி. அன்றைக்கு நானே கேட்டேன்.

"அண்ணே, போன வருசம் நான் அந்தக் கட்டத்தப் போட்டிருந்தா, லோரி எவ்ளோ நேரத்துல வந்திருக்கும்?"

"மூணு மணி நேரம்" என்றார், யோசிக்காமல். "மூணுக்குக் கொறையாது தங்கச்சி. நீ போட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. ஃபோன எடுக்காதவன் நான்."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் அந்த வளைவில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றார். மூன்று மணி நேரத்துக்குள் ஒன்றே முக்கால் அடங்கிவிடுகிறது. ஏழு மாதம் அந்தக் கணக்கோடு பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தினேன், வந்து சமைத்தேன், தூங்கினேன்.

இந்தச் சனிக்கிழமை இன்சூரன்ஸ் முடிகிற நாள். "வா தங்கச்சி, போயிட்டு வந்துருவோம். போடலன்னாலும் கார் அப்படியேதான் நிக்கும், ஆனா நாளைக்கு ஒரு அவசரம்னா?" என்று மாடசாமி வந்து நின்றார். பேட்டரி இறங்கிக் கிடந்ததால் லேண்ட் ரோவரிலேயே போனோம்.

ரமணி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார். படிவத்தை நிரப்பிக் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். இந்த முறை தாண்டவில்லை.

"போடும்மா ரமணி" என்றார் மாடசாமி எனக்குப் பின்னாலிருந்து. "நான் சொன்ன கம்பெனியவே போடு."

"அதத்தான்ணே போடறேன். இப்ப தோட்டத்துல எல்லாருமே அதுதான் கேக்குறாங்க டீச்சர்." ரமணிக்கு என்னிடம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. "மாடண்ணன் போன டிசம்பர்லயே நெசமாவே வண்டி நின்ன மாதிரி லோரிய வரவெச்சுப் பாத்துட்டாரு. அதே வளைவுக்கு. தாப்பாவுலேருந்து ஒரு மணி பத்து நிமிசத்துல வந்துட்டானாம்ல. வந்தவனுக்கு அண்ணன் தேத்தண்ணி வாங்கிக் குடுத்து அனுப்பி…"

ரமணியின் பேனா நின்றது. போட்டோ ஸ்டேட் மெஷின் மட்டும் யாருடைய அடையாள அட்டையையோ மூன்று பிரதி எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மாடசாமி சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மணி நேரம்னு சொன்னீங்களே அண்ணே."

"மழைன்னா மூணு ஆகும்" என்றார், நாட்காட்டியிடம்.

ரமணி கட்டத்தில் கோடு போட்டார். லோரியைக் கூப்பிட வேண்டிய எண் அச்சடித்த ஒட்டுத்தாளைப் பாலிசியோடு சேர்த்துக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில்தான் அந்தப் பதினோரு வளைவுகளும். அவர் கோடுகளைப் பார்த்தார். நான் ஒன்றே முக்காலிலிருந்து ஒன்று பத்தைக் கழிக்காமல் இருக்கப் பார்த்தேன். முப்பத்தைந்து நிமிடம். யாராக இருந்தாலும் கழித்துவிடுவார்கள். அவரும் கழித்திருப்பார், அதே வளைவில் நின்று, அந்த லோரி தெரிந்த நிமிடத்திலேயே. அதை எனக்குத் தராமல் ஏழு மாதம் தானே வைத்திருந்திருக்கிறார்.

வீட்டு வாசலில் இறங்கியதும், "ஒட்டுத்தாளக் குடு. கண்ணுக்கு நேரா இருக்கணும்" என்றார். காரைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் பாதி உட்கார்ந்து, ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு, ஒட்டுத்தாளின் பின்தாளை உரித்தார். கண்ணாடிக்கு மேலே மடிந்திருந்த வெயில் மறைப்பைக் கீழே இறக்கினார்.

அதில் கறுப்பு மையில் அண்ணனின் கையெழுத்து இருந்தது. மேலே 'மாடசாமி அண்ணன்' என்று தமிழில். அதன் கீழே அவருடைய எண். எட்டு வரும் இடங்களில் அண்ணன் எப்போதும் போல இரண்டு வட்டங்களைத் தனித்தனியாகப் போட்டு ஒட்டவைத்திருந்தார்.

ஒட்டுத்தாள் மாடசாமியின் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் காற்றில் ஆடியது. பிறகு அதை எண்ணின் மேல் வைத்தார். பெயரின் மேல் படாமல், எண்ணை மட்டும் மறைத்து, பெருவிரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அழுத்தித் தேய்த்தார். மறைப்பை மெதுவாக மேலே மடக்கினார்.

பிறகு கழுத்துக் கயிற்றை இழுத்துக் கைப்பேசியை வெளியே எடுத்து, வாசலில் நின்றபடியே எத்தனை கோடு என்று பார்த்தார்.