எட்டு ஜோடி சாக்ஸும் ஒரு மருந்து ஆராய்ச்சியும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், என் கணவர் குந்தாவிலிருந்து வீட்டுக்கு வந்தபோது எங்கள் கம்ப்யூட்டரைச் சுற்றி எட்டு ஜோடி சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்தது.

அதில் எங்கள் வீட்டு சாக்ஸ் ஒரே ஒரு ஜோடிதான் என்பதை மனிதர் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"யாருதும்மா இதெல்லாம்?"

"அக்கம்பக்கத்துலதுங்க."

"செரி. நீதான் டைப் பண்ணலியே... அப்புறம் கம்ப்யூட்டரு எதுக்கு ஓடுது?"

"ஆராய்ச்சிங்க."

பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அவருக்குக் குந்தா மின்நிலையத்தில் வேலை. வாரம் முழுக்க அங்கே குவார்ட்டர்ஸ், சனிக்கிழமை குன்னூர் பஸ். கோளாறான மெஷினைப் பார்த்தால் பதறாமல் சுற்றி வந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

நான் என்ன தப்பு செய்தேன்? நீங்களே சொல்லுங்கள்.

பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியை டைப் செய்வதற்காக வாங்கிய கம்ப்யூட்டர் அது. ஒரு நாளில் நான் அதைத் தொடுவது இரண்டு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் உறை போட்டு, பூ வைக்காத குறையாக உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் ஒரு செய்தி படித்தேன். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் நோய்களுக்கு மருந்து தேடுகிறது. அதற்குப் போட வேண்டிய கணக்கு மலையளவு. அவர்களிடம் இருக்கும் கம்ப்யூட்டர்கள் போதவில்லை. அதனால் கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி, உலகம் முழுக்க வீடுகளில் சும்மா இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு இன்டர்நெட்டில் அனுப்புகிறார்கள். நம் மெஷின் தன் துண்டைப் போட்டு முடித்ததும் விடையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். நமக்கு ஒரு சிரமமும் இல்லை.

ஒரு சிரமமும் இல்லை என்று எழுதியவர் குன்னூரில் ஜூலை மாதம் இருந்ததில்லை.

மழை பிடித்தால் இங்கே துணி காயாது. துவைத்த அன்று ஈரம், மறுநாள் ஈரத்தோடு நாற்றம், மூன்றாம் நாள் நாற்றம் மட்டும். இந்த நிலையில் ஒரு வீட்டில் நாள் முழுக்கச் சூடான காற்று வருகிறது என்றால் ஊர் சும்மா இருக்குமா?

அந்தக் காற்றைக் கண்டுபிடித்தவர் முருகையா. பக்கத்து வீடு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இளவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்தவர். எங்கள் தெரு முனையில் இருக்கும் டீ ஃபேக்டரியில் இலையை உலர்த்தும் ட்ரையர் மெஷின் அவர் பொறுப்பில் இருந்தது. தேயிலை விலை விழுந்தது, ஃபேக்டரியை மூடினார்கள். எட்டு மாதமாகிறது. மனிதர் இன்னும் விடிந்ததும் குளித்து, தலை வாரி, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு... வாசலில் நிற்பார்.

ஒரு நாள் குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அம்மா, ஏதோ ஃபேன் ஓடுதே?"

காட்டினேன். பின்பக்கம் போய்ப் புறங்கையைக் காற்றில் நீட்டினார். கண்ணை மூடினார். எட்டு மாதத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை.

"நல்ல சூடும்மா. வீணாப் போகுதே!"

மறுநாள் அவர் மகளின் ஸ்கூல் சாக்ஸ் வந்தது. அதற்கடுத்த நாள் எதிர்வீட்டுக் குழந்தையின் ஸ்வெட்டர். அப்புறம் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

துணி ஒரு பக்கம் இருக்கட்டும். முருகையாவுக்கு அந்த மெஷின் மேலேயே ஓர் இது வந்துவிட்டது. தினமும் காலை எட்டு மணிக்கு ஆஜர். திரையில் எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று கேட்பார். புறங்கையால் சூடு பார்ப்பார். காது வைத்துக் கேட்பார்.

"இது செய்ற வேலைக்கு பேரு போடுவாங்களாம்மா?"

ஒரு நாள் வேலை செய்ததாகப் பதிவதைத் தோட்டத்தில் 'பேர் போடுவது' என்பார்கள். பாயின்ட் மாதிரி ஏதோ கொடுக்கிறார்கள் என்றேன்.

"முழுப் பேரா, அரைப் பேரா?"

எங்கள் கம்ப்யூட்டர் பழசு. மற்றவர்கள் இரண்டு நாளில் போடும் கணக்கை இது பத்து நாளாகப் போட்டுக்கொண்டிருந்தது. "அரைப் பேர்தான்" என்றேன். வருத்தப்பட்டார்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, "ஃபேன் சத்தம் சரியில்லம்மா. மூச்சு வாங்குது" என்றார். நான் கேட்டேனா? கேட்கவில்லை. வேலையில்லாத மனிதர், ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம். திரையில் தொண்ணூற்று நான்கு சதவீதம். ஞாயிறு மாலைக்குள் விடையை அனுப்ப வேண்டும். தவறினால் நம் கணக்கைத் தள்ளிவிட்டு வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

என் கணவர் பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"நான் அங்க குளிர்ல நின்னு கரண்ட் எடுக்கறேன். நீ இங்க என்ற ஊட்டுல அந்தக் கரண்ட்ட வெச்சு ஊரு சாக்ஸைக் காயப் போடறே! இதுல ஆராய்ச்சி வேற..."

'ஆராய்ச்சி' என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை. க்ர்ர்... என்று ஒரு சத்தம். திரை இருண்டது. அறையே அமைதியாகிவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணுலீங்கறேன்!" என்றார் கணவர். அவர் தொடக்கூட இல்லை, பாவம்.

சத்தம் நின்றது பக்கத்து வீட்டில் எப்படிக் கேட்டதோ தெரியாது. முருகையா வாசலில் நின்றார். கையில் ஸ்க்ரூ டிரைவர், பெயின்ட் பிரஷ், தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய்.

"ஸார், தொறக்கட்டுமா?"

ஸார் கொஞ்சம் யோசித்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "தொறங்க" என்றார்.

உள்ளே பார்த்தால்... அதை எப்படிச் சொல்ல? ஃபேனைச் சுற்றி ஒரு சின்ன கம்பளியே நெய்யப்பட்டிருந்தது. வெள்ளை சாக்ஸ், நீல ஸ்வெட்டர், எல்லார் வீட்டுப் பஞ்சும் ஒற்றுமையாக இருந்தது. நடுவில் சிவப்பாக ஒரு பெரிய திரி. அது என் கணவரின் குரங்குக் குல்லாய். அதற்கு முந்தின வாரம் நான்தான் காயப் போட்டேன். அவர் அதைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

முருகையா பஞ்சை எடுத்தார். நிமிராமலேயே கேட்டார்.

"அம்மா, இது வரைக்கும் போட்ட கணக்கு போயிடுமா?"

"தெரியலீங்க."

"ஃபேக்டரிய மூடின அன்னைக்கு இலை வாட்டுற ட்ரஃப்ல கொழுந்து வாடிக்கிட்டு இருந்திச்சு. ராத்திரியெல்லாம் காத்து விட்ட கொழுந்து. காலையில அரைச்சிருந்தா தூளாயிருக்கும். அப்பிடியே அள்ளி வெளிய கொட்டுன்னாங்க... நாந்தான் கொட்டினேன்."

என் கணவர் டார்ச்சை எடுத்து வந்து, குனிந்து, முருகையாவுக்கு வெளிச்சம் காட்டினார்.

ஒரு சொட்டு எண்ணெய். பிரஷ்ஷால் ஒரு தட்டு. விரலால் சுழற்றிவிட்டார். ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றியது. சுவிட்சைப் போட்டோம். மெஷின் யோசித்து, முனகி, எழுந்து, கடைசியில் காட்டியது — தொண்ணூற்று மூன்று சதவீதம். ஒன்றே ஒன்றுதான் போயிருந்தது!

ஞாயிறு மதியம் நூறு. ஆனால் இன்டர்நெட் வரும் போன் லைனில் கரகரப்பு. மழைக்கு லைன் போய்ப் போய் வந்தது. ஏழு முறை டயல் செய்தோம். என் கணவர் ரிசீவரைக் காதில் வைத்து, "இப்பப் போடு... இரு... இப்பப் போடு!" என்று கமாண்ட் கொடுத்தார். எட்டாவது முறை விடை போய்விட்டது. திரையில் ஒரு வரி நன்றி.

"அவ்வளவுதானாம்மா?" என்றார் முருகையா, முகம் வாடி.

அவர் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த கணக்கு வந்து இறங்கியது. பூஜ்யம் சதவீதம்.

"அடுத்த லோடு வந்திருச்சு!" என்று கத்தியவர் யார் தெரியுமா? என் கணவர்.

திங்கட்கிழமை புது ஃபேன் போட கம்ப்யூட்டரைக் கடைத்தெருவுக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதை யாருங்க கிளீன் பண்ணுனது? புது ஃபேனே வேண்டாமுங்க" என்றார். சொன்னேன். மழைக்காலத்தில் எஸ்டேட் ஆபீஸ், ஸ்கூல் என்று தூசும் ஈரமும் பிடித்த கம்ப்யூட்டர்கள் அவர் கடையில் குவிந்து கிடக்கின்றன. பொறுமையாகத் திறந்து சுத்தம் செய்ய ஆள் இல்லை. அந்த ஆளை வரச் சொல்ல முடியுமா என்றார். வாரத்தில் மூன்று நாள்.

யோசித்துப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. என் வீட்டில் ஒரு மெஷின் சும்மா இருக்கிறதே என்று கடல் தாண்டி ஒருவருக்குத் தெரிகிறது. பக்கத்து வீட்டில் ஒரு மனிதர் சும்மா நிற்கிறாரே என்று எனக்குத் தெரிய எட்டு மாதமும் ஒரு குல்லாயும் தேவைப்பட்டிருக்கிறது.

முதல் நாள் முருகையா காக்கிச் சட்டையோடு கடைக்குக் கிளம்பிப் போனார். பத்து மணிக்கு அவர் மனைவி லெட்சுமி என் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார். கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் போல என்று நினைத்து, நானும் நெகிழ்ந்து, கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எட்டு மாசம்மா!" என்றார் லெட்சுமி. "சூடு கூடிருச்சு, சூடு கொறைஞ்சிருச்சுன்னு என் அடுப்புப் பக்கத்துலயே நின்னுச்சும்மா இந்த மனுசன். இன்னைக்குத்தான் நானா ஒரு கொழம்பு வச்சேன்."

அந்த நோய்களுக்கெல்லாம் மருந்து எப்போது வருமோ தெரியாது. லெட்சுமிக்கு வந்துவிட்டது.